மாலை ஆறரைக்கு ஆரம்பிக்கும் அழுகை

பெருங்களத்தூர் அம்மா | இரவு 2:40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் பிரசவம். ஆண் குழந்தை, இன்றோடு 41 நாள் ஆகிறது. பகலில் தங்கமாக இருக்கிறான். பால் குடிப்பான், தூங்குவான், விழித்தால் மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பான். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், வேறு பிள்ளையாகிவிடுகிறான். ஆறரைக்கு ஒரு சிணுங்கல். ஏழு மணிக்குள் வீறிட்டு அழ ஆரம்பித்துவிடுகிறான். முகம் செம்பருத்தி மாதிரி சிவந்துபோகும். இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு காலை வயிற்றோடு மடக்குவான். வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருக்கும். பால் கொடுத்தால் இரண்டு வாய் சப்பிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறான். தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் வருகிறது, அழுகை மட்டும் நிற்பதில்லை. பத்து மணி வரை இப்படித்தான். சில நாள் பதினொன்று. அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி தூங்கிவிடுகிறான்.

குழந்தை மருத்துவரிடம் இரண்டு முறை காட்டிவிட்டோம். பிறந்தபோது 2.9 கிலோ, போன வாரம் 4 கிலோ. ஒன்றும் இல்லை, சரியாகிவிடும் என்றார். வீட்டில் யாரும் அதை நம்பத் தயாராக இல்லை. மாமியார் பால் போதவில்லை என்கிறார். ஊரிலிருந்து அம்மா போன் செய்து திருஷ்டி என்கிறார். கீழ் வீட்டு அக்கா உடம்பு சுளுக்கி உரம் விழுந்திருக்கிறது, ஒரு பாட்டி இருக்கிறார், கூட்டிப் போகிறேன் என்கிறார். அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆனதால் நான் பிரசவத்துக்குத் தாய்வீடு போகவில்லை. கணவருக்கு ஷிப்ட் வேலை, வாரத்தில் மூன்று நாள் இரவு வீட்டில் இருக்க மாட்டார்.

உங்கள் வீட்டில் இப்படி அழுததா? எத்தனை நாள் அழுதது? நீங்கள் என்ன செய்தீர்கள்? அது மட்டும் சொல்லுங்கள் போதும்.

இரட்டைப் பிள்ளை அப்பா | காலை 5:55

அழுதது. எங்கள் வீட்டில் இரண்டு பேர், மாற்றி மாற்றி. மூன்றரை மாதத்தில் நின்றது. வேலைக்குக் கிளம்புகிறேன், இரவு வந்து விரிவாக எழுதுகிறேன். நீங்கள் தனியாக இல்லை என்பதை மட்டும் இப்போது சொல்லிவிட்டுப் போகிறேன்.

மதுரை செவிலியர் | காலை 8:20

தங்கச்சி, நான் 14 வருடமாகக் குழந்தைகள் வார்டில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயதைத்தான் முதலில் பார்த்தேன். 41 நாள் என்றால் கிட்டத்தட்ட ஆறு வாரம். அழுகை உச்சத்தில் இருக்கிற சமயமே இதுதான்.

அமெரிக்காவில் பிரேசில்டன் என்ற குழந்தை மருத்துவர், தன்னிடம் வந்த தாய்மார்களைக் குழந்தை எப்போது எவ்வளவு நேரம் அழுகிறது என்று தினமும் குறித்துவைக்கச் சொன்னார். 1962-ல் அதை வெளியிட்டார். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளே ஆறாவது வாரத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் அழுதிருக்கின்றன. அதுவும் பெரும்பாலும் சாயங்காலத்தில். இரண்டாவது வாரம் போல ஏற ஆரம்பித்து, இரண்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் இறங்கிவிடும். அதற்கும் முன்னால் 1954-ல் வெசல் என்கிற மருத்துவர் ஒரு கணக்கு சொன்னார். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதற்குப் பெயர் கோலிக். உங்கள் பையன் அந்தக் கணக்குக்குள் வருவான் போலிருக்கிறது. இது நோய் அல்ல. ஏன் வருகிறது என்று இன்று வரை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அடுத்தது பால். ஆறு வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறான். ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போகிறானா? போகிறான் என்றால் உங்கள் பால் அவனுக்குப் போதும். மாமியாரிடம் அந்த எடைச் சீட்டைக் காட்டுங்கள்.

ஆனால் எல்லா அழுகையையும் கோலிக் என்று விட்டுவிடக் கூடாது. மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு உடம்பு 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலே உடனே ஆஸ்பத்திரி, இரவு இரண்டு மணியானாலும் சரி. வாந்தி பச்சையாக வந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், பாலே குடிக்காமல் துவண்டு கிடந்தால், உச்சிக்குழி புடைத்திருந்தால், மூச்சு வாங்கினால், வழக்கமான அழுகையாக இல்லாமல் கீச்சென்று வேறு மாதிரி கேட்டால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஆண் குழந்தை என்பதால் இன்னொன்று: துணியைக் கழற்றி இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் வீக்கம் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். குடலிறக்கம் இறுகிக்கொண்டாலும் இப்படித்தான் அழும்.

நெல்லைப் பாட்டி | காலை 10:05

தாயி, நான் நாலு பெற்று வளர்த்தவள். பேரன் பேத்தி ஆறு. என் பேத்தி போனில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொடுத்ததால் இங்கே வருகிறேன்.

முதலில் தூளி கட்டு. புதுச் சேலை வேண்டாம், துவைத்துத் துவைத்து நைந்த நூல் சேலை இருக்கிறதே, அதுதான் பிள்ளைக்கு இதம். உன் சேலை என்றால் உன் வாசமும் அதில் இருக்கும். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகாமல் தாழக் கட்டு. கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையைப் போடு. வேகமாக வீசி ஆட்டாதே, காலால் மெள்ளத் தள்ளினால் போதும்.

வசம்பைச் சுட்டு, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்து, நாக்கில் ஒரு சொட்டு தடவுவோம். சும்மாவா அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வந்தது? கூடவே கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு எல்லாம் சேர்த்த உரைமருந்தும் தலைக்குக் குளிப்பாட்டுகிற அன்று கொடுப்போம். உரம் விழுந்திருந்தால் தெரிந்தவரிடம் போய் எடுத்துவிடு.

ஒன்று மட்டும் நினைத்துக்கொள். என் பிள்ளைகள் அழுதபோது வீட்டில் எடுக்க ஏழெட்டுக் கை இருந்தது. என் மாமியார், ஓரகத்தி இரண்டு பேர், நாத்தனார், அடுத்த வீட்டு ஆச்சி என்று. உனக்கு இரண்டு கைதான் இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

மதுரை செவிலியர் | மதியம் 1:30

பாட்டிம்மா, தூளியைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். தூளியில் தாடை நெஞ்சில் போய் மடங்காமல், முகத்தில் துணி விழாமல் பார்க்க வேண்டும். கண் அசந்ததும் எடுத்துச் சமதளமான படுக்கையில் மல்லாக்கப் போட்டுவிடுவது நல்லது.

மருந்து விஷயத்தில் மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள், என்னால் பேசாமல் போக முடியாது. வசம்பில் பீட்டா-அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. உடம்புக்கு ஆகாது என்று அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஜாதிக்காய் கொடுத்தால் பிள்ளை தூங்குகிறது என்றால், வயிறு சரியாகித் தூங்கவில்லை, மயக்கத்தில் தூங்குகிறது. நாலு கிலோ உடம்புக்கு எவ்வளவு உரைத்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாரால் அளக்க முடியும்? தேன் தடவுகிற வழக்கமும் ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவார்களே, அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாக வந்த குழந்தையை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். உரம் எடுக்கிறேன், குடல் தட்டுகிறேன் என்று சேலையில் போட்டு உருட்டுவதும், தலைகீழாகப் பிடிப்பதும் கழுத்து நிற்காத பிள்ளைக்கு ஆபத்து. கழுத்து நிற்கவே மூன்று மாதத்துக்கு மேல் ஆகும்.

கிரைப் வாட்டர் கொடுக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் தயாரித்தது அது. அன்றைக்கு அதில் சாராயம் கலந்திருந்தது. இப்போது வருவதில் கிடையாது. ஆனாலும் கோலிக்கைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை, ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சு. வீட்டில் பழைய சொட்டு மருந்து ஏதாவது கிடந்தால் அதில் டைசைக்ளோமின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆறு மாதத்துக்குள் அதைக் கொடுக்கக் கூடாது, மூச்சு நின்றுவிடும் அபாயம் உண்டு.

நெல்லைப் பாட்டி | மதியம் 2:15

கோபம் ஒன்றும் இல்லை தாயி. என் மகள் வழிப் பேத்திக்கும் டாக்டர் இதையேதான் சொன்னார். வசம்பைக் கயிற்றில் கோத்துக் கையில் கட்டலாமா? உள்ளே கொடுக்க வேண்டாம் என்றால் வேண்டாம்.

மதுரை செவிலியர் | மதியம் 2:40

பிள்ளை கையை வாயில் வைக்க ஆரம்பிக்கிற வயசு பாட்டிம்மா, சப்பிவிடும். தூளிக் கொக்கியில் கட்டிவிடச் சொல்லுங்கள்.

சேலத்து மீனா அம்மா | மாலை 4:10

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இதைப் படிக்கிற எல்லோரும் இன்றே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

என் மகளுக்கு அப்போது இரண்டரை மாதம். மாலை அழுகை அவளுக்கும் உண்டு. அன்றைக்கு மட்டும் காலை பதினொரு மணிக்கே ஆரம்பித்து நிற்கவே இல்லை. வழக்கமான அழுகைதான் என்று தூக்கிக்கொண்டே நடந்தேன். மதியம் குளிப்பாட்டலாம் என்று காலுறையைக் கழற்றினேன். வலது காலின் மூன்றாவது விரல் நாவற்பழ நிறத்தில் உருண்டு நின்றது. விரல் அடியில் வளையம் போட்ட மாதிரி ஒரு கோடு. உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, என் தலைமுடி ஒன்று. இரண்டு மூன்று சுற்று சுற்றி இறுகிச் சதைக்குள் போயிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டிக்கொண்டிருந்தது. எப்படியோ காலுறைக்குள் போயிருக்கிறது.

நகத்தால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்து மெல்லிய கத்தியால் அறுத்து எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலுக்கு ரத்த ஓட்டமே போயிருக்கும் என்றார்கள். வெட்டி எடுத்த ஒரு நிமிஷத்தில் அழுகை நின்றது. இன்றைக்கும் அந்த விரலில் ஒரு மெல்லிய தழும்பு இருக்கிறது.

அதனால் அழுகை நேரம் மாறினாலோ, ரகம் மாறினாலோ எல்லாத் துணியையும் கழற்றிவிட்டு உச்சந்தலையிலிருந்து பாருங்கள். கை விரல், கால் விரல், ஆண் குழந்தை என்றால் ஆண்குறி, அரைஞாண் கயிறு இறுக்குகிறதா என்று எல்லாமே.

டொராண்டோ ஈழத்துத் தாய் | இரவு 7:45

தங்கச்சி, என்ர மகளுக்கும் இப்படித்தான் அழுகை. நாங்கள் தூளியை ஏணை என்று சொல்லுவோம். இங்கத்தைய வாடகை வீட்டில் ஏணை கட்ட இடமில்லை. சனவரி மாதம், வெளியில் பனி, வெளியே கொண்டுபோகவும் ஏலாது. பால் காணாது என்று எனக்கும் சொன்னார்கள். நானும் அதை நம்பி அழுதிருக்கிறேன்.

எனக்கு உதவியது இரண்டு விஷயம். முதலாவது தூக்கிக்கொண்டு நடப்பது. ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் 2022-ல் ஒரு சின்ன ஆய்வு செய்தவர்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிசம் நடக்க வேணும். பிள்ளை நித்திரையானதும் உடனே கிடத்தக் கூடாது. மடியில் வைத்தபடி ஐந்து தொடக்கம் எட்டு நிமிசம் அசையாமல் இருந்துவிட்டு, அதுக்குப் பிறகுதான் கிடத்த வேணும். உடம்பை விட்டுப் பிரிக்கிற நேரம்தான் பிள்ளை விழிக்கிறதாம். எல்லா நாளும் இது சரிவராது, எனக்குப் பாதி நாள் சரிவந்தது. அந்தப் பாதி நாளே பெரிய விஷயம்.

இரண்டாவது, வீட்டுக்கு வந்து பார்த்த தாதி சொன்ன ஒரு சொல். "உனக்கு ஏலாமல் வந்தால் பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போ. பத்து நிமிசம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஏலாமல் வந்த கையால் தூக்காதே." அந்த நேரம் எனக்கு அது கல்நெஞ்சுப் பேச்சாகத்தான் தெரிந்தது. ஒரு கிழமை கழித்து ஒரு இரவு அதைத்தான் செய்தேன். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

கொங்கு நாட்டான் | இரவு 9:00

அழ விட்டால்தான் நுரையீரல் பலப்படும் என்பார்கள். எதற்கு இவ்வளவு கவலை? இரவுக்கு மட்டும் ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்துப் பாருங்கள், கனமாக இருக்கும், தூங்கிவிடும்.

மதுரை செவிலியர் | இரவு 9:25

அழுவதால் நுரையீரல் பலப்படுவதில்லை அண்ணா. பவுடர் பாலுக்கு மாறினாலும் இந்த மாலை அழுகை போகாது. பாட்டில் பால் குடிக்கிற பிள்ளைகளும் இதே வயதில் இதே அளவு அழுகின்றன. பால் நன்றாக வந்துகொண்டிருக்கிற தாய்க்கு இரவுப் பாலை நிறுத்தினால் சுரப்புதான் குறையும். நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள் என்று தெரியும், ஆனால் இதைக் கேட்டுக் கேட்டே பாதித் தாய்மார்கள் தன் உடம்பின் மேல் நம்பிக்கை இழக்கிறார்கள்.

பெருங்களத்தூர் அம்மா | இரவு 11:50

எல்லோருடைய பதிலையும் படித்தேன். விரல்களைப் பார்த்துவிட்டேன், இடுப்பையும் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை.

முதல் பதிவில் நான் ஒன்றைச் சொல்லவில்லை. டொராண்டோ அக்கா எழுதியதைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முந்தாநாள் இரவு அவர் வேலையில் இருந்தார். மாமியார் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டார். ஒன்பதே முக்கால் இருக்கும். மூன்று மணி நேரமாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், தையல் போட்ட இடம் வலிக்கிறது, மதியத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை. மேல் வீட்டில் யாரோ தரையில் எதையோ தட்டினார்கள். எங்களுக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவனை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "என்னடா வேணும் உனக்கு, என்னதான் வேணும்" என்று கத்தினேன். கத்தும்போது என் கை அவன் அக்குளில் இறுகியது எனக்கே தெரிந்தது. குலுக்கவில்லை. குலுக்கியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் ஒரு நொடி போயிருந்தால் குலுக்கியிருப்பேன். என் குரலைக் கேட்டு ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அப்படியே சோபாவில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அழுதுகொண்டேதான் இருந்தான்.

அதிலிருந்து அவனைத் தூக்கவே பயமாக இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. நான் தாயாக இருக்கத் தகுதி இல்லாதவளா?

மதுரை செவிலியர் | இரவு 12:20

தங்கச்சி, தூங்காமல் இருப்பீர்கள் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

உங்கள் கை இறுகியது. நீங்கள் அவனைக் கீழே விட்டுவிட்டு விலகிப் போனீர்கள். அந்த இடத்தில் ஒரு தாய் செய்ய வேண்டியது அதுதான், யாரும் சொல்லித்தராமலே செய்திருக்கிறீர்கள். அடுத்த முறை இடத்தை மட்டும் மாற்றுங்கள், சோபா வேண்டாம். புரண்டு விழலாம், மெத்தை இடுக்கில் முகம் புதையலாம். தரையில் பாய் விரித்து மல்லாக்கப் போடுங்கள், பக்கத்தில் தலையணை எதுவும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், சோறு இருந்தால் இரண்டு வாய் சாப்பிடுங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

குலுக்கினால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். கைக்குழந்தைக்குத் தலைதான் பெரிய பாரம், கழுத்துக்கு வலு கிடையாது. பிடித்துக் குலுக்கும்போது தலை முன்னும் பின்னும் வீசப்பட்டு, மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் கிழிகின்றன. கண்ணுக்குள்ளும் ரத்தம் கசியும். சில நொடியில் நடந்துவிடும். உயிர் போகலாம், பிழைத்தால் பார்வை போகலாம், வலிப்பு வரலாம். கொடுமைக்காரர்கள் மட்டும் செய்வது இல்லை இது. தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல், உதவிக்கு ஆளில்லாமல் இருக்கிற நல்ல தாய் தகப்பன் கையாலும் நடக்கிறது. தொட்டிலில் ஆட்டுவதாலும், மடியில் வைத்து மெள்ளத் தட்டுவதாலும் இப்படி ஆகாது, அந்தப் பயம் வேண்டாம்.

இப்போது உங்களைப் பற்றி. தூக்கவே பயமாக இருக்கிறது என்றீர்கள். அவன் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா? எதிலும் மனசு ஒட்டவில்லையா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிரசவமான பெண்களிடம் செய்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. அதில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்திருந்தது. இது நம்மூர்க் கணக்கு, வெளிநாட்டுக் கதை இல்லை. சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. பிரசவம் பார்த்த டாக்டரிடம் இந்த வாரமே போய், இங்கே எழுதியதை அப்படியே காட்டுங்கள். அதுவரை 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று அரசு நடத்துகிற மனநல உதவி எண் அது. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காதீர்கள். மாமியாரை எழுப்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

காலையில் கணவரிடம் சொல்லுங்கள். முதலில் அவருக்குத் தெரியட்டும்.

இரட்டைப் பிள்ளை அப்பா | இரவு 12:55

தங்கச்சி, இதை உங்கள் கணவர் படிக்கட்டும். நான் அவருக்கே எழுதுகிறேன்.

தம்பி, என் பிள்ளைகளுக்கு ஏழு வாரம் இருக்கும்போது நான் ஒரு வேலை செய்தேன். ஆபீஸ் ஆறு மணிக்கு முடியும், எட்டரைக்குத்தான் வீட்டுக்குப் போவேன். டிராபிக் என்று சொல்வேன். உண்மையில் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்தே பிள்ளைகளின் அழுகை கேட்கும். ஒரு நாள் என் மனைவி மாடி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை. நான் உள்ளே போனதும் ஒரு பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கும் அங்கே வந்து உட்கார வேண்டும் போல இருக்கிறது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாளிலிருந்து முறை போட்டுக்கொண்டோம். ஏழு முதல் ஒன்பது வரை பிள்ளைகள் என் பொறுப்பு. அந்த இரண்டு மணி நேரம் அவள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. குளிப்பாள், சூடாகச் சாப்பிடுவாள், மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். பக்கத்திலேயே நின்று "இப்படிப் பிடி, அப்படிப் பிடி" என்று சொன்னால் அவளுக்கு ஓய்வும் இல்லை, எனக்குப் பழக்கமும் வராது. எனக்குக் கைவந்த ஒரு பிடி இருக்கிறது. பிள்ளையைக் குப்புற என் முன்னங்கையில் படுக்க வைத்து, தலை முழங்கை மடிப்பில், என் உள்ளங்கை தொடைக்கு நடுவில். வயிறு என் கையில் அழுந்தும். அப்படியே நடப்பேன். காதுக்குப் பக்கத்தில் "உஷ்ஷ்" என்று அவர்கள் அழுகிற அளவுக்குச் சத்தமாக. காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். அதில் தப்பே இல்லை, அழுகை கேட்கும், ஆனால் மண்டைக்குள் குத்தாது.

நீங்கள் இரவு ஷிப்ட் போகிற மூன்று நாளுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். அக்காவோ, சித்தியோ, கீழ் வீட்டு அக்காவோ. உரம் எடுக்கக் கூட்டிப் போகிறேன் என்கிறவருக்கு அரை மணி நேரம் தூக்கிக்கொண்டு நடக்கவும் மனசு இருக்கும். கேட்டுப் பாருங்கள். மேல் வீட்டுக்கும் ஒரு தடவை போய்ச் சொல்லிவிடுங்கள், இன்னும் இரண்டு மாதம் இப்படித்தான் இருக்கும் என்று.

நெல்லைப் பாட்டி | அதிகாலை 4:30

தாயி, நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் மூத்தவன் பிறந்து ரெண்டு மாசம். அறுவடை நேரம், வீட்டில் எல்லோரும் களத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு வயது பத்தொன்பது. சாயங்காலம் ஆரம்பித்தவன் நிற்கவே இல்லை. அவனைத் திண்ணையில் போட்டுவிட்டு நான் பாட்டுக்குக் கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எதற்கு நின்றேன் என்று இன்றைக்கும் என் வாயால் சொல்ல மாட்டேன். களத்திலிருந்து தண்ணீர் எடுக்க வந்த என் மாமியார் திண்ணையில் பிள்ளையைப் பார்த்தாள். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கும்பா பழையதும் வெங்காயமும் வைத்துச் சாப்பிடச் சொன்னாள். அறுவடை முடிகிற வரைக்கும் அவள் களத்துக்குப் போகவே இல்லை.

நாற்பத்தெட்டு வருஷமாக இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, என் மகளிடம்கூட. அந்த மூத்தவனுக்கு இப்போது பேரன் பிறக்கப்போகிற வயசு. நீ கெட்ட தாய் என்றால் நான் யார்? உன் மாமியாரை எழுப்பு. மாத்திரை போட்டுத் தூங்கினாலும் எழுப்பு. எழுந்து வருவாள்.

டொராண்டோ ஈழத்துத் தாய் | காலை 6:10

அம்மா, நீங்கள் எழுதியதை வாசித்து இங்கே நான் அழுதுகொண்டிருக்கிறேன். சொன்னதுக்கு நன்றி.

பெருங்களத்தூர் அம்மா | ஐந்து வாரம் கழித்து, மாலை 6:20

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? பையனுக்கு 77 நாள். இத்தனை நாள் வராததற்கு மன்னிக்கவும்.

அன்று காலை அவரிடம் சொன்னேன். போனை அப்படியே கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முழுதும் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஆபீசுக்குப் போன் செய்து ஷிப்டை மாற்றித் தரக் கேட்டார். ஆறு வாரத்துக்குப் பகல் ஷிப்ட் கொடுத்தார்கள். டாக்டரிடம் போனோம். பத்துக் கேள்வி இருக்கிற ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். மனச்சோர்வுதான் என்று மாத்திரை எழுதினார், வாரம் ஒரு முறை பேசவும் ஆள் ஏற்பாடு செய்தார். மூன்றாவது வாரத்திலிருந்து எனக்கே வித்தியாசம் தெரிகிறது. அவனைத் தூக்கப் பயம் இல்லை.

மாமியாரிடம் நானாகச் சொல்லவில்லை, கணவர்தான் சொல்லியிருக்கிறார். அத்தை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஏழு மணிக்கு எனக்குத் தட்டு போட்டுக் கூப்பிட்டுவிடுகிறார். பால் போதவில்லை என்ற பேச்சும் நின்றுவிட்டது. தன் பழைய சுங்குடிச் சேலையில் தூளி கட்டியதும் அத்தைதான். வசம்பு கொக்கியில் தொங்குகிறது.

அழுகை எட்டாவது வாரம் வரை அப்படியேதான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. இரட்டைப் பிள்ளை அண்ணா சொன்ன முன்னங்கைப் பிடியில் சில நாள் அடங்குவான், சில நாள் எதற்கும் அடங்க மாட்டான். இரண்டு முறை பாயில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு முறை எட்டு நிமிஷம், ஒரு முறை பன்னிரண்டு. போன வாரத்திலிருந்து குறைகிறது. நேற்று நாற்பது நிமிஷம். இடையில் ஒரு தடவை அழுகையை நிறுத்தி அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சிரித்தான்.

மேல் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அன்று தட்டியது அவர்கள் பெண் ஸ்கிப்பிங் ஆடிய சத்தமாம். அந்த அக்கா இப்போது சனிக்கிழமைகளில் வந்து தூக்கிக்கொள்கிறார்.

சிணுங்க ஆரம்பித்துவிட்டான். அவர் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறார். நான் போய்க் குளிக்க வேண்டும்.